சேதாரக் கணக்கு

சேதாரம் என்னும் சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் இருத்தல் அரிது. மகளின் திருமணத்திற்கு நகை செய்யப் பொன்னை எடுத்துக்கொண்டு பொற்கொல்லரிடம் சென்ற நம் தாய்மார்கள், செய்கூலியைப் பற்றி ஒரு முறை பேசினால் சேதாரத்தைப் பற்றி மூன்று முறை பேசினர். பொன்னை உருக்கும்போதும், அராவும்போதும், மெருகிடும்போதும் சிறு துகள் குறைவது இயற்கை. அக்குறைவு எவ்வளவு என்பதை உள்ளபடி அறிந்தவர் பட்டறையில் அமர்ந்திருப்பவர் ஒருவரே. பொன்னைக் கொடுத்தவருக்கு அவர் சொல்லே கணக்கு. ஆகவேதான் அச்சொல்லின்மீது நம் மக்களுக்கு அச்சமும் ஐயமும் ஒருங்கே இருந்து வந்துள்ளன.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு இணையான வேறொரு கணக்கும் தெரியும். விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பாலைச் சேர்த்து, காண்டா வாளிகளைத் தோளில் சுமந்து பால் கொட்டாய்க்கு வந்தால், அங்கே நிறுக்கப்படுவது பாலின் எடை. கூலிக்கு எடுத்துக்கொள்ளப்படுவதோ அதிலுள்ள உலர்ந்த ரப்பரின் எடை. மரத்துப் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எஞ்சியது பெரும்பாலும் நீர். அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது மரத்திற்கு மரம், மழைக்கு வெயிலுக்கு மாறும். மிதவைக் கருவியைப் பாலில் இட்டு அளவு பார்த்துக் கிராணி எழுதும் எண்ணே அன்றைய உழைப்பின் மதிப்பாகும். அந்த எண் ஒன்றோ இரண்டோ குறைந்தால் அது சுமந்து வந்தவரின் அடுப்பில் தெரியும். என் தாயார் அந்த எண்ணுக்காகக் காத்து நின்றதைச் சிறுவனாக நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பின்னாளில் நானே கிராணியானேன். தோட்டத்தில் அன்று, ஏற்றுமதிக்காக ஆடை தைக்கும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில். வந்த துணி எவ்வளவு, தைத்த சட்டை எத்தனை, கழிந்த துண்டு எவ்வளவு என்று எழுதுவதே என் வேலையாக இருந்தது. பார்ப்பவர்க்கு இது சுவையற்ற பணியாகத் தோன்றும். அப்படியன்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வந்தது எங்கே போயிற்று?

அயல்நாட்டிலிருந்து மூலப்பொருளைத் தீர்வை செலுத்தாமல் வருவித்து, உள்நாட்டுக் கைகளால் அதனைப் பண்டமாக்கி, மீண்டும் அயல்நாட்டிற்கே அனுப்பும் வாணிபம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அயர்லாந்தின் ஷானனில் 1959லும், இந்தியாவின் காண்ட்லாவில் 1965லும், தைவானின் காவ்சியுங்கில் 1966லும் இதற்கெனத் தனி வட்டாரங்கள் அமைந்தன. நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டத்தின்கீழ், பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972ல் முதல் வட்டாரம் திறக்கப்பட்டது. பின்னர் 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. வட்டாரத்திற்கு வெளியே இருக்கும் தொழிற்சாலைகளுக்கும் இச்சலுகை கிட்டும் வண்ணம், 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 65ஏ பிரிவின்கீழ் உரிமம் பெற்ற உற்பத்திக் கிடங்கு என்னும் ஏற்பாடும் உண்டு. நான் பணியாற்றிய ஆலை இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தீர்வையை விட்டுக்கொடுக்கும் அரசு, அதற்கு ஈடாக ஒரே ஒரு வினாவைக் கேட்கிறது: வந்தது எங்கே போயிற்று? இதற்கு ஆலை கூறும் விடையில் மூன்று பகுதிகள் உண்டு. ஏற்றுமதியான பண்டத்தில் அடங்கியது இவ்வளவு. கழிவாகிப் போனது இவ்வளவு. கிடங்கில் இருப்பது இவ்வளவு. இம்மூன்றும் கூடி, வந்த அளவுக்குச் சமமாதல் வேண்டும். ஆகாவிடின், குறையும் அளவுக்குத் தீர்வை கட்ட வேண்டும். அதற்கு மேல் தண்டமும் உண்டு.

இவற்றுள் ஏற்றுமதியைக் கப்பல் பத்திரங்களைக் கொண்டு எண்ணலாம். கையிருப்பைக் கதவைத் திறந்து எண்ணலாம். நடுவில் நிற்கும் கழிவுதான் பிடிக்குள் அடங்காதது. அது துண்டாகவும், தூசியாகவும், ஆவியாகவும், சில வேளைகளில் திருட்டாகவும் போகிறது. மின்னணுச் சில்லுகளைப் பொருத்தும் பாயான் லெப்பாஸ் ஆலைகளில், சில்லை வெளிமுனைகளோடு இணைக்கப் பொன் கம்பி பயன்பட்டது. அதன் தடிப்பு ஏறத்தாழ 25 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. தலைமயிரினும் மெல்லிய அக்கம்பியின் துணுக்குகளையும் கூட்டிச் சேர்த்து நிறுத்து வைத்தனர். நம் தாய்மார்களின் சேதாரக் கவலை, வேறு உருவில், தொழிற்சாலைக்குள்ளும் நுழைந்துவிட்டது எனலாம்.

எதில் எத்தனை விழுக்காடு?

கணக்கின் முறையை விளக்காமல் மேலே செல்ல இயலாது. வாசகர்கள் சிறிது பொறுமை காட்ட வேண்டுகிறேன். ஒரு மனிதரின் நற்பெயர் இக்கணக்கில்தான் சிக்கிக் கிடந்தது.

ஒரு சட்டையைப் பிரித்துப் போட்டு, அதன் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டை, பை ஆகிய எல்லாத் துண்டுகளின் பரப்பையும் கூட்டினால், அச்சட்டையில் உள்ளபடியே அடங்கியிருக்கும் துணி எவ்வளவு என்பது தெரியவரும். இதனை நிகர அளவு என்போம். ஆனால் அத்துண்டுகளை முழுத் துணியில் அடுக்கி வெட்டும்போது இடைவெளிகள் வீணாகும். கழுத்தின் வளைவுக்கும் கையின் வளைவுக்கும் இடையே விழும் இடம் எதற்கும் உதவாது. துணியின் இரு கரை ஓரங்களும் கழியும். மேசைமேல் பல அடுக்குகளாக விரிக்கும்போது ஒவ்வோர் அடுக்கின் முனையிலும் ஓரிரு சென்டிமீட்டர் போகும். சுருள் முடியும் இடத்தில் முழு அடுக்கிற்குப் போதாத மீதி நிற்கும். நெசவில் குறையுள்ள இடத்தைத் தள்ளி வெட்ட வேண்டியிருக்கும். இவை யாவும் எவ்வளவு தேர்ந்த கையாயினும் தவிர்க்க இயலாத இழப்புகள்.

மின்சாரம் நின்றதால் கெட்ட துணி, மழையில் நனைந்து பாழான துணி, ஒப்பந்தத்திற்கு மாறான தரத்தில் வந்ததால் தள்ளப்பட்ட துணி, காணாமற்போன துணி ஆகியவை வேறு வகை. இவற்றைத் தவிர்க்க இயலாத இழப்போடு சேர்த்தல் கூடாது. ஏற்றுமதிக்கான ஆக்கத் தொழிலில் பெரும் நாடாகிய சீனம், 2007ல் வெளியிட்ட சுங்க விதிகளில் இப்பாகுபாட்டைத் தெளிவாக எழுதி வைத்துள்ளது. முதல் வகை, தொழிலின் இயல்பு. இரண்டாம் வகை, தனித்தனியே எடுத்துக்காட்டி விளக்கம் தரவேண்டிய நிகழ்ச்சி. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டு மூடிவிட்டால் பின்னர் எவரும் எதையும் பிரித்தறிய முடியாது.

இனி விழுக்காட்டிற்கு வருவோம். நிகர அளவு 1.20 மீட்டர், இழப்பு 20 விழுக்காடு என்று ஒருவர் எழுதித் தந்தால், சட்டை ஒன்றுக்கு எவ்வளவு துணி வேண்டும்? பலரும் உடனே, 1.20 மீட்டரில் 20 விழுக்காடு 0.24 மீட்டர், ஆகவே 1.44 மீட்டர் என்பர். இழப்பை எதன் பங்காக அளந்தார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. வெட்டு மேசையில் இழப்பை அளப்பவர், மேசைமேல் விரித்த முழுத் துணியில் எத்தனை பங்கு கழிந்தது என்றே அளப்பார். விரித்தது 100 என்றால் கழிந்தது 20, சட்டைக்குள் சென்றது 80. ஆதலின் நிகர அளவாகிய 1.20 மீட்டர் என்பது விரித்த துணியில் 80 விழுக்காடு. அதனை 0.80ஆல் வகுத்தால் 1.50 மீட்டர் வரும். மேலே கூறிய சீன விதிகளும் நிகர அளவை, ஒன்றிலிருந்து இழப்பு விகிதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும் என்றே கூறுகின்றன.

1.44க்கும் 1.50க்கும் இடையே உள்ளது ஆறு சென்டிமீட்டர். ஒரு விரற்கடை இரு விரற்கடை என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் அளவு. அது ஒரு சட்டைக்கு. ஏற்றுமதியில் எவரும் ஒரு சட்டை தைப்பதில்லை.

எட்டுச் சுருள்

இது நடந்தது 1987ல். ஆலையின் பெயரும் அதில் இருந்தோர் பெயரும் இங்கு வேண்டா.

இளநீலக் கோடிட்ட துணியில் 12,000 சட்டைகள் தைத்தனுப்ப உத்தரவு வந்திருந்தது. சுருள் ஒன்றுக்கு 90 மீட்டராக 200 சுருள்கள், ஆக 18,000 மீட்டர் துணி தீர்வையின்றி வந்திறங்கியது. சட்டைகள் குறித்த நாளில் கப்பலேறின. சில வாரங்களுக்குப் பின் சுங்க இலாகாவிலிருந்து கணக்குப் பார்க்க வந்தனர். தலைமை அலுவலகம் முன்னரே இலாகாவுக்குக் கொடுத்திருந்த தாளில், சட்டை ஒன்றுக்கு 1.44 மீட்டர் என்று இருந்தது. 12,000 சட்டைக்கு 17,280 மீட்டர். அப்படியாயின் கிடங்கில் 720 மீட்டர் இருக்க வேண்டும். கிடங்கிலோ அத்துணியில் ஒரு சுருள்கூட இல்லை. எட்டுச் சுருள் காணவில்லை என்று குறிப்பு எழுதப்பட்டது.

எட்டுச் சுருள் என்னும் சொல் காலையில் அலுவலகத்தில் பிறந்தது; நண்பகலுக்குள் ஆலை முழுவதும் நடந்துவிட்டது. இலாகா கேட்டது தீர்வை. நிர்வாகம் தேடியது ஆளை. வெட்டுப் பகுதியின் தலைவராக இருந்தவர், ஐம்பதைக் கடந்த ஒரு தமிழர். நாங்கள் அனைவரும் அவரை அண்ணன் என்றே அழைத்தோம். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டா என்று அவரிடம் கூறினர். வெட்டுப் பகுதியில் இருந்த அனைவருடைய மிகைச் சம்பளமும் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று மாலை முதல், வாசலில் தையல் பெண்களின் கைப்பைகளைத் திறந்து பார்க்கலாயினர். சோற்றுத் தூக்கும் துவாலையும் இருந்த பைகள். தமிழ்ப் பெண்களும் மலாய்ப் பெண்களும் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பேருந்துக்குச் சென்றனர்.

மாலையில் அண்ணன் வீட்டிற்குச் சென்றேன். வாசலில் மிதிவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஒரு சுருள் என்ன கனம்னு உனக்குத் தெரியும். எட்டுச் சுருளை நான் எதுல ஏத்திக்கிட்டுப் போனேனாம்? இந்தச் சைக்கிள்லயா?”

சுருள் ஒன்றின் எடை 16 கிலோவுக்கு மேல். அவர் வினவிய வினாவிலேயே விடைக்கு வழி இருந்தது. மீட்டரில் பேசிக்கொண்டிருந்த கணக்கை எடையில் பேச வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அத்துணி ஒரு மீட்டருக்கு 180 கிராம். வந்த 18,000 மீட்டரின் எடை 3,240 கிலோ. சட்டைகளுக்குள் சென்றது 14,400 மீட்டர், அதாவது 2,592 கிலோ. அலுவலகத் தாள் கூறியபடியே வெட்டி, எட்டுச் சுருள் வெளியே போயிருந்தால், வெட்டுத்துண்டுகளின் எடை ஏறத்தாழ 518 கிலோவாக இருக்க வேண்டும். எதுவும் வெளியே போகாமல் எல்லாத் துணியும் மேசைக்கே வந்திருந்தால் அது 648 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டிற்கும் இடையே 130 கிலோ வேறுபாடு. தராசு பொய் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய வேறுபாடு.

இங்கே சட்டத்தின் ஒரு கடுமையே எங்களுக்குத் துணையாயிற்று. தீர்வையின்றி வந்த பொருளின் கழிவையும் ஆலை தன் விருப்பப்படி எறிந்துவிட முடியாது. அழிப்பதாயினும் விற்பதாயினும் சுங்க இலாகாவின் இசைவு வேண்டும். உள்நாட்டில் விற்றால் அதற்குரிய தீர்வையும் உண்டு. இசைவுக்காகக் காத்து, அவ்வுத்தரவின் வெட்டுத்துண்டுகள் யாவும் பின்கொட்டகையில் மூட்டைகளாகக் கிடந்தன. இளநீலக் கோடு வேறெந்த உத்தரவிலும் இல்லை. ஆகவே கலப்பு இருக்கிறதா என்பதை மூட்டையைப் பிரித்த மாத்திரத்தில் கண்ணாலேயே காணலாம்.

சுங்க அதிகாரியிடம் நிறுத்துப் பார்க்க இசைவு கேட்டேன். அவர் நடுவயதினரான மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். அலுவலகத் தாளையும் என் தாளையும் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, மூட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துக் காட்டி, மீண்டும் கட்டி, நிறுத்தோம். மாலை நான்கு மணிக்குக் கூட்டுத்தொகை 641 கிலோ என்று வந்தது. எஞ்சிய ஏழு கிலோ வெட்டும்போது பறந்த பஞ்சும், தரையில் கூட்டித் தள்ளிய நூலுமாகப் போயிருக்க வேண்டும். அதிகாரி தம் குறிப்பில், துணி முழுவதும் வெட்டுக்குச் சென்றிருக்கிறது என்றும், ஆலை கொடுத்திருந்த அளவைத் திருத்தித் தரவேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்திட்டார்.

எட்டுச் சுருளை எவரும் எடுக்கவில்லை. அவை சட்டைகளின் இடைவெளிகளில் விழுந்து, மூட்டைக்குள் கிடந்தன. திருட்டு என்று பெயர் பெற்றது, எதில் எத்தனை விழுக்காடு என்று கேளாமல் எழுதிய ஒரு பெருக்கல்.

அண்ணன் மறுநாள் வேலைக்கு வந்தார். நிறுத்திய மிகைச் சம்பளம் அடுத்த மாதம் கொடுக்கப்பட்டது. எவரும் வருத்தம் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை. வாசலில் பைகளைத் திறக்கும் வழக்கம் மட்டும் நான் அவ்வாலையை விட்டு வரும்வரை நிற்கவே இல்லை.

இதற்குப் பின் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். திருத்திய அளவைத் தயாரிக்கும்போது, இனி இத்தொல்லையே வேண்டா, இழப்பை 25 விழுக்காடு என்று எழுதிவிடுவோம் என மேலிடத்திலிருந்து யோசனை வந்தது. எழுதினால் சட்டைக்கு 1.60 மீட்டர். வெட்டுப் பகுதியின்மீது இனி எந்தப் பழியும் வாராது. அண்ணனுக்கு அது கவசமாகவே இருந்திருக்கும். அவரிடம் கூறினேன். அவர் ஒப்பவில்லை.

“வேணாம் தம்பி. இருபதுன்னா இருபதுதான் எழுதணும். சும்மா அஞ்சு கூட எழுதி வச்சா, அந்த அஞ்சு யாரு வீட்டுக்குப் போவுதுன்னு ஒருநாள் கேள்வி வரும். அப்பவும் என் மேசையைத்தான் வந்து பார்ப்பாங்க.”

கணக்கிட்டுப் பார்த்தேன். சட்டைக்குப் பத்து சென்டிமீட்டர். 12,000 சட்டைக்கு 1,200 மீட்டர். தீர்வை கட்டாத துணி, தாளில் கழிவாகி, உண்மையில் கடைவீதிக்குச் செல்லக்கூடிய அளவு அது. தீர்வை செலுத்தித் துணி வருவித்து விற்கும் சிறு வணிகருக்கும், உள்நாட்டு நெசவாலைக்கும் அது இழப்பு. அண்ணன் பொருளாதாரம் படித்தவரல்லர். ஆயினும் குறைத்தெழுதினால் தொழிலாளியின்மீது பழி, கூட்டியெழுதினால் திருடனுக்கு வழி என்பதை அவர் நன்கறிந்திருந்தார். தாளில் 20 என்றே எழுதப்பட்டது.

சர்க்கரை சொல்லும் பாடம்

ஆலைக் கிராணியின் இச்சிறு கணக்கு, ஒரு காலத்தில் அரசுகளுக்கிடையே பெரும் பூசலை விளைத்திருக்கிறது என்பதைப் பின்னர் நூல்களில் படித்து வியந்தேன்.

இறக்குமதிப் பொருளைப் பண்டமாக்கித் திரும்ப ஏற்றுமதி செய்தால், கட்டிய தீர்வையைத் திருப்பித் தரும் வழக்கம் ஐரோப்பாவில் பழமையானது. ஆடம் ஸ்மித் 1776ல் வெளியிட்ட தம் பெருநூலில் இதற்கென ஓர் அதிகாரமே ஒதுக்கியுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் சர்க்கரையில் பெரும் சிக்கலாயிற்று. கச்சாச் சர்க்கரை நூறு எடைக்கு எவ்வளவு வெள்ளைச் சர்க்கரை கிடைக்கும் என்று அரசு ஓர் எண்ணை வைத்திருந்தது. அவ்வெண்ணின்படி தீர்வை திரும்பிற்று. ஆலைகளோ அதனினும் கூடுதலாக எடுத்தன. கூடுதலாகக் கிடைத்த சர்க்கரை தீர்வை தொடாத சர்க்கரை. வெளிப்பார்வைக்கு வரித் திருப்பம். உள்ளே பார்த்தால் மறைமுக மானியம்.

இதனைச் சரிசெய்ய பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் 1864ல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கச்சாச் சர்க்கரையிலிருந்து உண்மையில் எவ்வளவு வெள்ளைச் சர்க்கரை கிடைக்கிறது என்பதைக் காண ஜெர்மானிய நகரமாகிய கொலோனில் சோதனைகளும் நடத்தின. ஆயினும் பூசல் ஓயவில்லை. பீட் கிழங்கின் எடைக்கு வரி விதித்த ஜெர்மனியில், கிழங்கின் இனமும் ஆலையின் நுட்பமும் வளர வளர, அதே எடைக் கிழங்கிலிருந்து கூடுதல் சர்க்கரை கிடைத்தது. அரசின் எண் பின்தங்கி நின்றது. இடைப்பட்ட வேறுபாடு ஏற்றுமதியாளரின் பைக்குச் சென்றது. மானியம் பெற்ற பீட் சர்க்கரை உலகச் சந்தையில் குவிய, 1880களில் சர்க்கரை விலை சரிந்தது. 1902ல் பிரசல்சில் கையெழுத்தான உடன்படிக்கையே இம்மானியங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இது ஐரோப்பியர் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இன்றைய செபெராங் பிறையாகிய அன்றைய வெல்லஸ்லி மாநிலத்தில், அக்காலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே கரும்பு வெட்டியவர்களுள் பெரும் பகுதியினர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள். உலக விலை வீழ்ந்தபோது கரும்பு விளைந்த நாடெங்கும் அதன் சுமை இறங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கரும்பு ரப்பருக்கு வழிவிட்டது. அம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. ஆயினும் பெர்லினிலும் பாரிசிலும் ஓர் அலுவலகத்தாளில் பழையதாகிப்போன எண்ணுக்கும், கடல் கடந்த நாடுகளில் கரும்பு வெட்டியவரின் வாழ்வுக்கும் தொடர்பு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அப்பாடம் இன்று உலகச் சட்டமாகவே எழுதப்பட்டுள்ளது. 1995ல் நடைமுறைக்கு வந்த உலக வாணிப அமைப்பின் மானியங்கள் பற்றிய உடன்படிக்கை, ஏற்றுமதிப் பண்டத்தில் பயன்பட்ட மூலப்பொருளுக்குரிய தீர்வையைத் தள்ளுபடி செய்யலாம் என்கிறது. இயல்பான கழிவுக்கும் இடம் தருகிறது. அதற்கு மேல் தள்ளுபடி செய்தால் அது ஏற்றுமதி மானியம். இந்தியாவில் இன்ன பண்டத்திற்கு இன்ன மூலப்பொருள் இவ்வளவு என்று பண்டம் பண்டமாக நெறி அளவுகளை அயல்நாட்டு வாணிபத் துறை வெளியிட்டு வைத்துள்ளது. நாட்டுக்கு நாடு முறை வேறு; கேட்கப்படும் கேள்வி ஒன்றே.

எண்ணை எழுதுபவரின் கடமை

இன்று இக்கணக்குகளைக் கணினி போடுகிறது. தாளில் அடித்தல் திருத்தல் இல்லை. கூட்டல் பிழை இல்லை. இருப்பினும் இழப்பு விகிதம் என்னும் கட்டத்தில் ஓர் எண்ணை எவரோ ஒருவர் தட்டத்தான் வேண்டும். அவ்வெண் எங்கிருந்து வந்தது, எதன் பங்காக அளக்கப்பட்டது, எப்போது அளக்கப்பட்டது என்பதைக் கணினி கேட்பதில்லை. தவறான எண்ணை அது நான்கு தசம தானம்வரை தவறின்றிப் பெருக்கித் தரும்.

நம் பிள்ளைகள் பலர் இத்தகைய அலுவலகங்களில் பணியாற்றுகின்றனர். அவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கூற விரும்புகிறேன். இழப்பு விகிதத்தை மேசையிலிருந்தபடி எழுதாதீர்கள். வெட்டுகிற, உருக்குகிற, ஊற்றுகிறவர் அருகில் நின்று நிறுத்து எழுதுங்கள். எத்தனை விழுக்காடு என்பதோடு எதில் அத்தனை விழுக்காடு என்பதையும் எழுதுங்கள். துணியின் அகலம் மாறினாலோ, சட்டையின் அமைப்பு மாறினாலோ, எந்திரம் மாறினாலோ, பழைய எண்ணைப் புதிய தாளுக்குக் கொண்டு வாராதீர்கள். இயல்பான கழிவையும் விபத்தையும் தனித்தனி வரியில் வையுங்கள். கழிவு மூட்டைகளை நிறுக்காமல் எறிய விடாதீர்கள். கணக்கு தடுமாறும்போது சான்று சொல்ல வேறெதுவும் இராது.

இவ்வளவும் செய்தால் ஆலைக்குத் தண்டம் குறையும் என்பது உண்மை. அரசுக்கு வரவேண்டியது வரும் என்பதும் உண்மை. எனினும் நான் இதனை வற்புறுத்துவது வேறொரு காரணத்திற்காக. கணக்கில் ஒரு குறை தோன்றினால் அது மேலிருந்து கீழாகவே இறங்கி வருகிறது. அலுவலகத்தில் எண்ணாகத் தொடங்கி, ஆலைத் தளத்தில் ஐயமாகி, வாசலில் ஓர் ஏழைப் பெண்ணின் கைப்பையைத் திறக்கும் கையாக முடிகிறது. அக்குறை உண்மையில் எங்கே உள்ளது என்று அறிய அன்று எங்களுக்கு ஒரு தராசும் ஒரு பிற்பகலும் போதுமாயிருந்தன. பழி சொல்லுமுன் அவ்வளவு நேரம் செலவிட எவரும் எண்ணவில்லை என்பதே இன்றளவும் என் மனத்தில் உறுத்துகிறது. எண்ணை எழுதும் இடத்தில் இருப்பவர்கள், அதன் மறுமுனையில் நிற்பவரை ஒரு கணம் நினைத்துப் பார்த்து எழுதுவார்களாக.